பஷ்மீனா, ரஃபல், குல்லு, கின்னௌரி: சால்வைக்குக் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது?

கொடைக்கானலிலோ மாமல்லபுரத்திலோ ஏதாவது ஒரு காஷ்மீர்க் கடையில் நுழைந்து சால்வை கேட்டுப் பாருங்கள். ஒரே மேசையில் 800 ரூபாய்க்கும் விரிப்பார்கள், 80,000 ரூபாய்க்கும் விரிப்பார்கள். இரண்டுக்கும் சொல்லும் பெயர் பஷ்மீனா. தொட்டுப் பார்த்தால் 800 ரூபாய்ச் சரக்குதான் கூடுதல் வழவழப்பாக இருக்கும். அது பெரும்பாலும் விஸ்கோஸ், மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை. ஆட்டு ரோமம் அதில் பேருக்குக்கூட இருக்காது.

பெயரையும் நம்ப முடியாது, விரல் நுனியையும் நம்ப முடியாது. பிறகு எதை வைத்து முடிவு செய்வது? என் கட்சி இதுதான்: நல்ல கம்பளிச் சால்வையின் விலையில் ரோமத்துக்கு ஒரு பங்கு, மிச்சமெல்லாம் கைக்கூலி. நூற்ற கை, நெய்த கை, ஊசி பிடித்த கை என்று மூன்று. நாம் கொடுக்கும் பணம் இந்த மூன்றில் யாருக்குப் போகிறது என்று ஒவ்வொரு சால்வையிடமும் கேட்டால் அந்த மேசை பாதி காலியாகிவிடும். அப்படிப் பார்க்கும்போது விலை குறைந்த முனையிலும் உயர்ந்த முனையிலும் நாணயமான சரக்கு இருக்கிறது. குழப்பமெல்லாம் நடுவில்தான்.

கையால் நூற்ற பஷ்மீனா

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே சாங்பா என்ற நாடோடி மேய்ப்பர்கள் வளர்க்கும் சாங்தாங்கி ஆடுகளுக்கு, பனிக்காலத்தில் வெளிமயிருக்கு அடியில் மெல்லிய உள்ரோமம் அடர்ந்து வளரும். கோடை தொடங்கும்போது அது தானே கழலத் தொடங்கும். அப்போது சீப்பால் வாரி எடுக்கும் ரோமம்தான் பஷ்மீனா. இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான் வரை. மெரினோ என்னும் செம்மறியின் நல்ல கம்பளியே 18, 20 மைக்ரான் இருக்கும், நம் தலைமுடி 70 மைக்ரானை ஒட்டி இருக்கும். வாரி எடுத்ததில் முரட்டு மயிரும் மண்ணும் கலந்திருப்பதால், சுத்தம் செய்து முடிக்கும்போது பாதிக்கும் குறைவாகவே தேறும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள சால்வை ஏறக்குறைய 200 கிராம் எடை. அதற்கு இரண்டு மூன்று ஆடுகளின் ஓராண்டு ரோமம் சரியாகப் போகும்.

ரோமம் ஸ்ரீநகருக்கு வந்ததும் வேலை பெண்கள் கைக்கு மாறுகிறது. அரிசியை ஊறவைத்து இடித்த மாவைத் தூவி, ரோமத்திலுள்ள பிசுக்கையும் தூசியையும் போக்குகிறார்கள். பிறகு யெந்தர் என்னும் இராட்டையில் நூற்பு. கூலி முடிச்சுக் கணக்கில் வரும். பத்து இழைகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு முடிச்சு, வெகுகாலம் அதற்கு ஒரு ரூபாய்தான் கூலி. ஒரு சால்வைக்கு வேண்டிய நூலை நூற்று முடிக்க வாரக்கணக்கில் உட்கார வேண்டும். இந்த வருமானத்தில் எத்தனை நாள் தள்ளமுடியும்? எத்தனையோ வீடுகளில் இராட்டை பரணுக்குப் போனது இதனால்தான். பஷ்மீனா அருகிவருகிறது என்று பேசுகிறவர்கள் ஆட்டைப் பற்றியும் நெசவாளரைப் பற்றியும் பேசுவார்கள், நூற்ற பெண்ணைப் பற்றிப் பேசுவது குறைவு. சால்வையின் மென்மை பாதிக்குமேல் அவள் விரலில்தான் இருக்கிறது.

வாங்குபவருக்கு உதவும் விஷயம் ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. யெந்தரில் நூற்ற பஷ்மீனா நூல் விசைத்தறியின் இழுப்பைத் தாங்காது, அறுந்துபோகும். ஆகவே நூல் கையால் நூற்றதென்றால் தறியும் கைத்தறியாகவே இருந்தாக வேண்டும். கடையில் எல்லோரும் "ஹேண்ட்லூமா?" என்றுதான் கேட்கிறோம். "நூல் கையில் நூற்றதா, மில் நூலா?" என்று கேட்டுப் பாருங்கள். தறிக்கான பதிலும் அதிலேயே வந்துவிடும், கேட்பவருக்கு விஷயம் தெரியும் என்பதும் கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

சால்வையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போவது தெரியும். அது கைநூலின் இயல்பு. நெசவில் சாய்கோடாக விழும் ட்வில் உண்டு. சின்னச் சின்ன வைரக்கட்டங்களாக விழும் 'சஷ்மே புல்புல்' உண்டு, புல்புல் குருவியின் கண் என்பார்கள். வெறும் சால்வையில் எனக்குப் பிடித்தது இந்த வைரக்கட்டம்தான். எம்பிராய்டரி எதுவும் இல்லாமலே துணி உயிரோடு இருக்கும்.

காஷ்மீர் பஷ்மீனாவுக்குப் புவிசார் குறியீடு 2008இல் கிடைத்தது. ஸ்ரீநகரில் கைவினை மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகத்தில் இதற்கெனவே ஒரு சோதனைக்கூடம் 2013 முதல் இயங்குகிறது. இழை 16 மைக்ரானுக்குள் இருக்கிறதா, முழுக்கப் பஷ்மீனாவா, கையால் நூற்றதா, கையால் நெய்ததா என்று பார்த்துவிட்டு, தனி எண் பொறித்த முத்திரைச் சீட்டைச் சால்வையிலேயே ஒட்டித் தருகிறார்கள். நூற்பு வரை கேள்வி கேட்கும் சீட்டு இது. கைத்தறி முத்திரை தறியைப் பற்றி மட்டும் பேசும், கம்பளி முத்திரை இழையைப் பற்றி மட்டும் பேசும். பட்டுச்சேலை வாங்கும்போது சில்க் மார்க் பார்த்துப் பழகியவர்கள் அதே நம்பிக்கையில் வெறும் கம்பளி முத்திரையைப் பார்த்துவிட்டுப் பஷ்மீனா வாங்கக் கூடாது. மெரினோவும் அந்த முத்திரைக்குத் தகுதியானதே.

சீட்டு இல்லாததெல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது. சிறு நெசவாளர்கள் பலர் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோவதில்லை. ஸ்ரீநகருக்கே போய், தெரிந்தவர் மூலமாக, நெசவாளர் வீட்டிலேயே வாங்குகிறவருக்குச் சீட்டு தேவைப்படாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் படம் பார்த்து வாங்குகிறவருக்கு வேறு வழியில்லை. சீட்டு வேண்டும், அதன் எண்ணைச் சரிபார்க்கவும் வேண்டும்.

விலை? எம்பிராய்டரி இல்லாத வெறும் கைநூல் பஷ்மீனா சால்வை இன்று 10,000 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று ஆட்டு ரோமம், வாரக்கணக்கில் நூற்பு, பல நாள் நெசவு, சலவை, கடை வாடகை எல்லாம் போட்டுக் கூட்டினால் அதற்குக் கீழே கணக்கு உதைக்கும். வாங்குவதானால் சாயம் போடாத இயற்கை நிறமாக, வெள்ளையோ வெளிர்பழுப்போ, வேலைப்பாடு இல்லாததாக வாங்குங்கள் என்பேன். பார்க்க எளிமையாக இருக்கும். கல்யாண வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதில் குறையை மறைக்க இடமே இல்லை. பூவேலை போட்டால் துணியின் பாதி மறைந்துவிடும்.

மில் நூல் என்னும் நடுப்பாதை

குழப்பம் தொடங்கும் இடம் இது. பஷ்மீனா ரோமத்தை மில்லில் நூற்கும்போது அதன் மென்மையே அதற்கு எதிரியாகிறது, அறுந்துகொண்டே இருக்கும். அதனால் நைலான் போன்ற இழையைக் கலந்து நூற்று, நெய்து முடித்தபின் அமிலத்தில் நைலானைக் கரைத்து எடுக்கும் முறை வந்தது. மிஞ்சுவது ரோமம்தான். பரிசோதித்தால் பஷ்மீனா என்றுதான் வரும். ஆனால் அமிலம் ரோமத்தையும் சும்மா விடாது, சால்வை நாள்பட உழைக்காது என்று பழைய நெசவாளர்கள் குறைசொல்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மில் நூல் சீராக வரும், அடிக்கடி அறுகாது, கைத்தறியிலேயே போட்டாலும் வேகமாக நெய்யலாம், நெசவாளருக்கு மாதத்தில் நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும். நெசவாளரின் இந்த நியாயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். என் சண்டை விலைச்சீட்டோடு. மில் நூல் சால்வையை மில் நூல் என்று சொல்லி, நூற்ற பெண்ணின் கூலியைக் கழித்துக்கொண்டு விற்றால் அது ஒரு சரக்கு. கைநூல் விலையில் விற்றால், யாரும் நூற்காத நூலுக்கு நாம் கூலி கொடுக்கிறோம். கடைகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது.

சட்டம் என்ன சொல்கிறது? விசைத்தறியில் நெய்யக் கூடாத துணிவகைகளைச் சொல்லும் 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் கைத்தறிக்கென்றே வைத்த 11 வகைகளில் சேலை, வேட்டி, நம்மூர் ஜமக்காளம் இவற்றோடு சால்வையும் இருக்கிறது. நம் சேலை நெசவாளர்களுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு காப்பு கொடுத்தது என்று தெரிந்தவர்களுக்குக் காஷ்மீர் நிலவரத்தை விளக்க வேண்டியதில்லை. பஷ்மீனாவை அடையாளம் காண்பது, பெயரிடுவது பற்றி இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2019இல் ஒரு தரக்குறிப்பு வெளியிட்டது. கடைத்தெருவில் அதைக் கேட்டு வாங்குகிறவர்களை நான் பார்த்ததில்லை.

'செமி பஷ்மீனா' என்று ஒன்று சொல்வார்கள். அதற்கு வரையறை கிடையாது. கொஞ்சம் பஷ்மீனா கலந்ததாக இருக்கலாம், மெல்லிய மெரினோவாக இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். 4,000, 6,000 ரூபாய் என்ற நடுவிலையில், மேலே நெருக்கமான பூவேலையோடு இது வரும். நான் முழுக்கத் தவிர்க்கச் சொல்வது இதைத்தான். இழை என்னவென்று தெரியாது, நூல் மில் நூல், பூவேலை பெரும்பாலும் இயந்திரம். மூன்று கையில் ஒரு கையும் இல்லாத சால்வைக்கு அவ்வளவு பணம் எதற்கு?

ரஃபல்: பெயரை மறைக்காத சால்வை

ரஃபல் என்பது மெல்லிய மெரினோ கம்பளித் துணி. மில் நூல். காஷ்மீரிகளே வீட்டில் அன்றாடம் போர்த்திக்கொள்வது இந்த வகைதான். பஷ்மீனாவைவிடச் சற்றுக் கனம், கழுத்தில் லேசாக உறுத்தும், ஆனால் கரடுமுரடாகப் புழங்கினாலும் தாங்கும். 'இது ரஃபல்' என்று கடைக்காரர் தானாகச் சொன்னால் அந்தக் கடையில் மற்றதையும் நம்பிப் பார்க்கலாம்.

ரஃபலில் கையால் போட்ட சோஸ்னி ஊசிவேலை கிடைத்தால் அது நல்ல பேரம். துணிக்குக் குறைவாகவும் ஊசி பிடித்த கைக்கு அதிகமாகவும் பணம் போகிறது, போக வேண்டிய இடமும் அதுவே. கைவேலையா என்று பார்க்கத் துணியைத் திருப்புங்கள். இயந்திர எம்பிராய்டரியில் அடிநூல் எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில், ஒரே சீராக ஓடும். கைவேலையில் முன்பக்கத்து நிறங்களே பின்பக்கமும் வரும், அங்கங்கே நூல் தாவியிருக்கும். ஆரி என்ற கொக்கி ஊசியில் போட்ட சங்கிலித் தையலும் கைவேலைதான். ஆனால் அது வேகமாக முடியும், ஆகவே சோஸ்னி விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கானியும் சோஸ்னியும், லட்ச ரூபாய்ப் பக்கம்

பணம் பொருட்டல்ல என்பவர்களுக்கு இந்தப் பகுதி. மற்றவர்களும் படிக்கலாம், கதை நன்றாக இருக்கும்.

கானிச் சால்வையில் நாடா, அதாவது நூலை இருபக்கமும் ஓட்டும் தறிக்கட்டை, கிடையாது. கானி என்னும் சின்ன மரக்குச்சிகளில் வண்ண நூலைச் சுற்றி, நூற்றுக்கணக்கான குச்சிகளைத் தறியில் தொங்கவிட்டு, பூவின் ஒரு இதழுக்கு ஒரு குச்சி, இலைக்கு இன்னொன்று என்று நெடுக்கே ஓடும் பாவு நூல்களில் நுழைத்து எடுக்கிறார்கள். குறுக்கே ஓடும் ஒரு நிற ஊடை நூல் தன் எல்லை வரை போய், அடுத்த நிறத்தோடு பின்னிக்கொண்டு திரும்பும். காஞ்சிபுரத்துக் கோர்வையில் கரையும் உடலும் இணையும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த இணைப்பு சால்வையின் அகலம் முழுக்க, ஒவ்வொரு பூவின் ஓரத்திலும் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறம் எத்தனை பாவிழையைக் கடக்க வேண்டும் என்பதைத் தாலிம் என்னும் குறியீட்டுத் தாள் சொல்லும். நெய்பவர் துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே நெய்கிறார். சிக்கலான வடிவமானால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஓரங்குலம் தாண்டாது. ஸ்ரீநகருக்கு அருகே கானிஹாமா என்ற ஊர் இதற்குப் பேர்போனது.

இந்த உழைப்பைக் குறுக்குவழியில் பிடிக்கும் முயற்சி புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், நெய்து எடுக்க மாதக்கணக்கில் ஆகும் அதே வடிவத்தை வெறும் சால்வையில் ஊசியால் போட்டு எடுக்கும் 'அம்லி' முறை காஷ்மீரில் பரவியது. க்வாஜா யூசுஃப் என்ற ஆர்மீனிய வணிக முகவரை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். நெய்த சால்வைக்கு இருந்த வரி ஊசிச் சால்வைக்கு அப்போது இல்லை, அதனால் விலையில் பெரிய வித்தியாசம். அதே காலத்தில் ஐரோப்பாவில், துளையிட்ட அட்டைகளை வைத்துப் பூவடிவத்தை நெய்யும் ஜக்கார்டு தறி வந்தது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம் காஷ்மீரின் மாங்காய் வடிவத்தைக் குறைந்த விலையில் நெய்து தள்ளி, அந்த வடிவத்துக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டது. 1870-71இல் பிரான்சு போரில் தோற்றபின் பாரிஸ் சந்தையும் படுத்தது. இதற்கு முன்பே, 1865இல், வரிச்சுமை தாங்காமல் ஸ்ரீநகரின் ஸால்டகரில் திரண்ட சால்வை நெசவாளர்கள் படையால் அடித்துக் கலைக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் சால்வைகள் பல இந்த வரி வசூலின் காலத்தில் நெய்தவை.

ஊசிவேலை, நெசவின் மலிவான நகலாகத் தொடங்கி, இன்று தன்னளவில் பெருங்கலையாகி நிற்கிறது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி தெரியும் தோருகா சோஸ்னியைப் பார்த்தவர்கள் அதை நகல் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் கைவேலைக்குள் பழையது எது, புதியது எது என்ற தூய்மைவாதத்தில் எனக்கு நாட்டமில்லை.

கானி என்ற பெயரில் இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது அமிர்தசரஸ் பக்கத்து ஜக்கார்டு விசைத்தறிச் சரக்கு. இங்கேயும் திருப்பிப் பார்ப்பதுதான் வழி. ஜக்கார்டில் பின்பக்கம் நூல்கள் அகலம் முழுக்க நீளமாக ஓடியிருக்கும், அல்லது ஓடியதை வெட்டிவிட்ட பிசிறு தெரியும். கானியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நிறமும் தன் எல்லையோடு நின்று, எல்லைக்கோட்டில் மெல்லிய வரப்பு தட்டுப்படும். உடல் முழுக்க நெய்த கானி லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். அவ்வளவு போட முடியாதென்றால் கரையில் மட்டும் கானி நெய்த சால்வை வாங்கலாம். முழுக்கானியின் மலிவுப் பதிப்பைத் தேடி அலைந்தால் ஜக்கார்டில்தான் போய் நிற்போம்.

தொடவே கூடாத ஒன்று: ஷாதூஷ். மோதிரத்துக்குள் நுழையும் சால்வை என்று ரகசியக் குரலில் சொல்வார்கள். திபெத்திய மானான சீருவின் ரோமம் அது. அந்த மானைக் கொன்றால்தான் ரோமம் கிடைக்கும், புதர்களில் உதிர்ந்ததைப் பொறுக்குகிறார்கள் என்பது கட்டுக்கதை. 1979 முதல் அனைத்துலக வணிகத் தடை உண்டு. இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இருக்கிறது. ஜம்மு காஷ்மீரில் இருந்த தளர்வும் 2002இல் போய்விட்டது. கடைக்காரர் காட்டுவது போலியாகத்தான் இருக்கும், உண்மையாக இருந்தால் இன்னும் மோசம். மோதிரச் சோதனையும் வீண். மெல்லிய எந்தத் துணியும் மோதிரத்துக்குள் போகும்.

குல்லு, கின்னௌர், கச்சு

இமாசலப் பக்கம் வந்தால் மூச்சு விடலாம். இங்கே யாரும் மென்மையை விற்பதில்லை. வண்ணமும் வடிவமும்தான் சரக்கு, அவை கண்ணுக்கு நேரே தெரிவதால் ஏமாற்றுவது கடினம்.

குல்லுச் சால்வை ஒரே நிறத்தில் அமைந்த உடல், இரு முனையிலும் கட்டம் கட்டமான வண்ணப் பட்டைகள் கொண்டது. உடலை நாடா ஓட்டிச் சீக்கிரம் நெய்துவிடலாம். பட்டையில் ஒவ்வொரு வண்ண நூலையும் விரலால் நுழைக்க வேண்டும். ஆகவே விலை உடலின் நீளத்தைப் பொறுத்தது அல்ல, எத்தனை பட்டை, எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. ஒரு பட்டை, மூன்று பட்டை என்று விலை படிப்படியாக ஏறுவதைக் கடையிலேயே பார்க்கலாம். கைக்கூலி இவ்வளவு வெளிப்படையாக விலையில் தெரியும் சால்வை வேறில்லை, எனக்கு இதன்மேல் பிரியம் வந்ததே அதனால்தான். இந்த வண்ணப் பட்டைகள் குல்லுவின் ஆதி அடையாளம் என்று நினைக்கிறோம். கின்னௌரை உள்ளடக்கிய பழைய புஷஹர் சமஸ்தானத்திலிருந்து வந்த நெசவாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொண்டுவந்தவை அவை. அதற்கு முன் குல்லுப் பள்ளத்தாக்கில் நெய்தது பெரும்பாலும் வெறும் போர்வைத் துணிதான்.

கூட்டுறவு இங்கே வேரூன்றியது இன்னொரு காரணம். பூட்டி என்ற ஊரின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1944இல் தொடங்கியது. நொடிந்துபோயிருந்த அதை 1956இல் வேத் ராம் டாக்கூர் கையிலெடுத்துத் தூக்கி நிறுத்தினார். இன்று பூட்டிகோ என்ற பெயரில் பல ஊர்களில் கடைகள் இருக்கின்றன. கோ-ஆப்டெக்ஸில் வாங்கிப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. பேரம் கிடையாது, விலைச்சீட்டில் என்ன இழை என்று எழுதியிருக்கும். மெரினோ, அங்கோரா முயல் ரோமம் கலந்தது, உள்ளூர்க் கம்பளி, பஷ்மீனா என்று வகைகள் உண்டு. அங்கோரா கலந்தது தொட்டால் பஞ்சாக இருக்கும், ஆனால் ரோமம் உதிர்ந்து கறுப்புச் சட்டையெல்லாம் வெள்ளையாக ஒட்டும். அன்றாடத்துக்கு மெரினோவே போதும். 2,000, 3,000 ரூபாயிலிருந்து நல்ல சால்வை தொடங்குகிறது.

குல்லுவுக்கும் போலி உண்டு. லூதியானா விசைத்தறிகளில் அக்ரிலிக் என்னும் செயற்கை இழையில் ஓட்டிய சால்வைகள் மணாலி மால் ரோட்டிலேயே குல்லு என்று விற்கப்படுகின்றன. பட்டையின் பின்பக்கமும் முனை நூலை எரித்துப் பார்ப்பதும் இவற்றை எளிதில் காட்டிக்கொடுக்கும்.

கின்னௌரிச் சால்வை இன்னும் நெருக்கமானது. சோர்டென் என்னும் பௌத்தத் தூபியின் வடிவம், ஐம்பூதங்களைக் குறிக்கும் ஐந்து நிறங்கள், பட்டை முழுக்க இடைவெளியே இல்லாத வேலை. கனமாக இருக்கும், வெறும் தோளில் உறுத்தும். போர்த்துவதைவிடச் சோபாவின் மேல் விரித்துவைப்பவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன். கண்ணால் பார்த்து ரசிக்க வேண்டுமென்றால் கானிக்கு அடுத்து நான் கைகாட்டுவது இதை. விலை கானியின் அருகில்கூட வராது.

குஜராத்தின் கச்சு வட்டாரத்தில், பூஜோடி ஊரின் வணகர் என்னும் நெசவாளர்கள் ரபாரி மேய்ப்பர்களுக்காக நெய்துவந்த கம்பளிப் போர்வைகள் வேறு ஜாதி. குழித்தறியில் நெய்த இரண்டு குறுகிய துண்டுகளை நடுவில் மீன்முள் போன்ற தையலால் இணைப்பது பழைய வழக்கம். இன்று அந்த நெசவாளர்கள் மெரினோவிலும் பருத்தியிலும் மெல்லியதாக நெய்கிறார்கள். தமிழ்நாட்டு வெயிலுக்கு, ஏசி அறைக்கும் மார்கழிக் காலைக்கும் என்றால், எல்லாவற்றிலும் பொருத்தமானது இதுதான்.

யாருக்கு எது

கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகளுக்கு, கோட்டுக்குள் சுற்றிக்கொள்ள: வெறும் கைநூல் பஷ்மீனா. எடைக்கு அது தரும் கதகதப்பை இங்கே சொன்ன மற்றக் கம்பளிச் சால்வைகள் தராது. பெட்டியிலும் இடம் அடைக்காது.

பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை போகும் பெற்றோருக்குப் பஷ்மீனா வாங்கித் தராதீர்கள். காற்று அதன் ஊடே போகும், மழையில் நனைந்தால் காயவைக்க இடமிருக்காது, கோவேறு கழுதைச் சேணத்தில் உரசினால் அன்றே நைந்துவிடும். கனத்த குல்லுச் சால்வையும் ஒரு மழைக்கோட்டும் போதும்.

சஷ்டியப்த பூர்த்திக்கு, அம்மாவுக்கு, அவர் வெளியே கட்டிக்கொண்டு போகும்படி அழகாக வேண்டுமென்றால் ரஃபலில் கைவேலை சோஸ்னி, அல்லது மூன்று பட்டைக் குல்லு. பஷ்மீனாவைக் கொடுத்தால் பாதிப்பேர் பீரோவிலேயே பூட்டிவைத்துவிடுவார்கள். மேடையில் போர்த்தும் மரியாதைக்கென்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, பொன்னாடை போதும்.

அலுவலகத்தில் பத்துப் பேருக்குப் பரிசு கொடுக்க வேண்டியவர்கள்தான் நடுவிலைச் செமி பஷ்மீனாவில் அதிகம் விழுகிறார்கள். அந்தத் தொகைக்கு ஒரு பட்டைக் குல்லு மெரினோ பத்து வாங்கலாம், கூட்டுறவுக் கடையில் ரசீதோடு.

எரித்துப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. முனையிலுள்ள ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்தினால் கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு பொடிப்பொடியாகச் சாம்பலாகும், விஸ்கோஸ் காகிதம்போல எரியும், அக்ரிலிக் உருகிக் கட்டியாகும். இது விலங்கு ரோமமா இல்லையா என்று மட்டும் சொல்லும். மெரினோவுக்கும் பஷ்மீனாவுக்கும் வித்தியாசம் அதில் தெரியாது. கடைக்காரர் பெருமையாக எரித்துக் காட்டுகிறார் என்றால் அவர் பதில் சொல்வது நீங்கள் கேட்காத கேள்விக்கு.

வாங்கியபின் பராமரிப்பில் எல்லாக் கம்பளிக்கும் எதிரி அந்துப்பூச்சி, கடலோர ஊர்களில் ஈரமும் சேரும். அழுக்கோடு மடித்துவைக்கக் கூடாது, வியர்வைக் கறையைத்தான் பூச்சி முதலில் தேடும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வேப்பிலையோ அந்துருண்டையோ துணிக்கு வெளியே வையுங்கள், உருண்டை நேரடியாகச் சால்வையில் படவேண்டாம். மாதம் ஒருமுறை எடுத்து நிழலில் உதறி, வேறு மடிப்பில் மடியுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் நூல் விட்டுப்போகும். ஹேங்கரில் மாட்டினால் தொய்ந்துவிடும்.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் ஓட்டை விழும். ரஃபூ போடுகிறவர்கள், அதாவது ஓட்டையை நூலால் பின்னி அடைப்பவர்கள், இருக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தின் நஜீபாபாத் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சால்வை ரஃபூவுக்குப் பேர்போனவர்கள். கைநூல் பஷ்மீனாவிலும் சோஸ்னியிலும் அவர்கள் வேலை முடிந்தபின் ஓட்டை எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருக்கும். நடுவிலைச் சரக்கைக் கொண்டுபோனால் ரஃபூக் கூலி சால்வை விலையை நெருங்கிவிடும். அடைக்க வேண்டிய நூலைச் சால்வையின் ஓரத்திலிருந்தே உருவி எடுப்பது அவர்கள் வழக்கம், அப்போதுதான் நிறமும் தடிமனும் ஒத்துப்போகும். ஆகவே முனையில் தொங்கும் பிசிறு அழகாயில்லை என்று தையல்காரரிடம் கொடுத்து வெட்டி மடித்துத் தைத்துவிடாதீர்கள்.